தங்கச்சி வாங்கிய அதே ரியாக்டர்

என் தங்கை வீட்டுக் கடல்தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. பொறாமை என்றால் பொறாமைதான். ஆதங்கம், மனத்தாங்கல் என்று அதற்குப் பவுடர் பூசிப் பொட்டு வைக்க எனக்குத் தெரியாது.

முதலில் தொட்டி வைத்தவள் நான். ஜவ்வாது மலைமேல், ஜமுனாமரத்தூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவள். என் வீட்டுக்காரர் மலையில் விளையும் சாமையும் புளியும் வாங்கிக் கீழே அனுப்புகிறவர். கடல் என்பது எங்களுக்கு எப்போதாவது லீவுக்குப் போய்க் காலை நனைத்துவிட்டு வருகிற இடம். அப்படிப்பட்ட வீட்டின் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்து, உப்பைக் கரைத்து, பாறை அடுக்கி, இரண்டு கோமாளி மீன் விட்டு, பவளம் வளர்த்தேன். சாமை மூட்டை கொண்டுவருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "டீச்சரம்மா வூட்ல கடலு கீது" என்று ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக் காட்டுவார்கள். அப்போது நான் அடுப்படியில் வேலை இருப்பது போல நின்று எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொள்வேன்.

அந்தத் தொட்டியில் என் உயிர் ஒரு டார்ச் பவளம். பண்ணையில் வளர்த்து விற்கும் வகை. அடியில் விரல் தடிமனுக்குக் கல்போன்ற கிளைகள். ஒவ்வொரு கிளையின் தலையிலும் பழுப்பு நிறத்தில் நீளநீளமாக இழைகள், ஒவ்வொரு இழையின் நுனியிலும் மஞ்சளாக ஒரு பொட்டு. விளக்குப் போட்டதும் அத்தனையும் தண்ணீரில் அலையும். பரீட்சைத் தாள் திருத்தும்போது நடுநடுவே நிமிர்ந்து அதைப் பார்த்துக்கொள்வேன். அதைப் பார்த்த பிறகு இரண்டு மார்க் கூடப் போட்டிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

இன்னொரு பெருமையும் இருந்தது. கீழே ஊர்களில் இந்தத் தொட்டி வைத்தால் தண்ணீரைக் குளிரவைக்கத் தனி மெஷின் வேண்டும். எங்களுக்கு மலைக்காற்று போதும். வருகிறவர்களிடம் அவர்கள் கேட்காமலே இதைச் சொல்வேன்.

தங்கை ஆலங்காயத்தில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரருக்கு டைல்ஸ் கடை. ஒரு தடவை மலைக்கு வந்தவள் என் தொட்டி முன்னால் உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான், சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. அடுத்த தடவை நான் ஆலங்காயம் போனபோது அவள் வீட்டுக் கூடத்தில் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு தொட்டி நின்றது. என் தொட்டி போல நாலு அதற்குள் முழுகிவிடும். குளிரவைக்கிற மெஷின் ரைஸ்மில் மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. "ஒன் வூட்ல பாத்ததுலேருந்து தூக்கமே வரலக்கா" என்றாள். எனக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

எங்கள் அம்மாவைப் பற்றிச் சொன்னால்தான் இது புரியும். அம்மா சந்தவாசலில் இருக்கிறாள். இரண்டு பெண்களைப் பெற்றவள். ஊரில் யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று எங்கள் இரண்டு பேருக்கும் எல்லாவற்றையும் ஒன்று போலவே செய்தாள். ரிப்பன் வாங்கினால் இரண்டு பேருக்கும் ஒரே நீளம். கல்யாணத்துக்குக் கொடுத்த அண்டா, குண்டான், கிரைண்டர் எல்லாம் ஒரே கடை, ஒரே அளவு. ஒருத்திக்குக் கண்ணாடி பவர் மாறிப் புதிதாகப் போட்டால், இன்னொருத்தியையும் கண் டாக்டரிடம் கூட்டிப்போவாள். இன்றைக்கும் பொங்கல் சீர் வந்தால் கரும்பு கணுக்கூட இரண்டு வீட்டுக்கும் ஒத்துப்போகும். "ரெண்டு பொண்ணுக்கும் ஒண்ணு போல செஞ்சேன்னு நாலு பேர் சொல்லணும்" என்பாள். நாலு பேர் சொல்லத்தான் செய்தார்கள். ஆனால் ஒரே பச்சைப் புடவையை இரண்டு பேரும் கட்டிக்கொண்டு நின்றால் தங்கையைத்தான் பார்த்தார்கள். அதை அம்மாவால் சமமாக்க முடியவில்லை.

தொட்டி வைத்ததும் தங்கை என்னிடம் டார்ச்சில் ஒரு கிளை கேட்டாள். கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா? கொடுத்தேன். இருந்ததில் சோனியாக, ஓரமாக, வெளிச்சம் படாமல் கிடந்த ஒரு கிளையாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தேன். பிழைக்காது என்றுதான் நினைத்தேன். பிழைக்க வேண்டாம் என்று நினைக்கவில்லை. அவ்வளவு தூரம் போகவில்லை.

அது பிழைத்தது. ஒரு தலை இரண்டாகி, இரண்டு நாலாகி, ஒவ்வொரு இழையும் என் வீட்டில் இருந்ததைவிட நீளமாக விரிந்து, மஞ்சள் பொட்டு அவ்வளவு மஞ்சளாக மின்னியது. நான் போனால் தங்கை கையைப் பிடித்துத் தொட்டிக்கு முன்னால் நிறுத்துவாள். "வா வா, ஒன் பொண்ணு எப்டி வளந்து கீறா பாரு." அவள் மனதில் ஒன்றும் இல்லை, எனக்குத் தெரியும். அதுவேதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஏதாவது குத்தலாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாகப் பஸ் ஏறியிருப்பேன்.

இது ஒருபக்கம் இருக்க, என் தொட்டியில் பாசி பிடிக்க ஆரம்பித்தது. பச்சை மயிர் போல ஒரு பாசி. முதலில் பாறையில், பிறகு மோட்டாரில், பிறகு என் டார்ச் பவளத்தின் அடிக்கிளையில். காரணம் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்கு மீனைக் கண்டால் பாசம் பொத்துக்கொண்டு வரும். நான் காலையில் தீனி போட்டால் அவர் மதியம் ஒரு தடவை, வியாபாரம் நன்றாக நடந்தால் சாயங்காலமும் ஒரு தடவை போடுவார். மீன் தின்றது போக மிச்சமெல்லாம் தண்ணீரில் கரைந்து பாஸ்பேட் ஆகும். பாசிக்கு அதுதான் எரு. சோதனைக் குப்பியில் தண்ணீரை எடுத்து மருந்து விட்டால் நீலம் வரும், பாஸ்பேட் கூடக்கூட நீலம் கூடும். என் குப்பி பள்ளிக்கூடத்து மைப்புட்டி மாதிரி இருந்தது.

டார்ச்சின் இழைகள் சுருங்கத் தொடங்கின. காலையில் விளக்குப் போட்டாலும் பாதிதான் வெளியே வந்தன. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இது போனால் இதன் வம்சம் ஆலங்காயத்தில் மட்டும்தான் இருக்கும். அவள் வீட்டில் போய் நின்று, என்னுடையதை அவள் எனக்குக் காட்ட, நான் பார்த்துவிட்டு வர வேண்டும். அந்த நாள் வரக் கூடாது என்பதுதான் எனக்கு அப்போது உலகத்தில் இருந்த ஒரே கவலை.

பாஸ்பேட்டை எடுக்க மீடியா ரியாக்டர் என்று ஒன்று உண்டு. பெயரைச் சொன்னதும் என் வீட்டுக்காரர், "கல்பாக்கத்துல கீதே, அதுவா? வூட்ல வெக்க உடுவாங்களா?" என்று கேட்டார். அவ்வளவெல்லாம் இல்லை. அது மூடி போட்ட ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே இரும்புத்துருவை மணலாக்கியது போல ஒரு சரக்கைப் போட வேண்டும், அதற்குத்தான் மீடியா என்று பெயர். சின்ன பம்ப் ஒன்று தொட்டித் தண்ணீரை அதன் அடியில் செலுத்தும். தண்ணீர் மேலே ஏறும்போது துரு பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓட்டம் அளவாக இருக்க வேண்டும். உலை கொதி வருவதற்கு முன்னால் அரிசி லேசாக அசையுமே, அந்த அளவுக்கு மணல் அசைந்தால் போதும். வேகம் கூடினால் ஒன்றோடொன்று உரசிப் பொடியாகித் தொட்டியே செம்மண் குட்டையாகிவிடும்.

எதை வாங்குவது என்று நான் உட்கார்ந்து யோசித்தேன். தொட்டிக்குக் கீழே பெட்டிக்குள் நிற்கும் பெரிய வகை ஒன்று. தொட்டி விளிம்பில் மாட்டித் தொங்கவிடும் சின்ன வகை ஒன்று. என் தொட்டிக்குச் சின்னதுதான் சரி. மலையில் காற்றடித்தால் கரண்ட் போகும், பெரிய பம்பெல்லாம் இன்வெர்ட்டரைத் தின்றுவிடும். மூடி திருகில் தண்ணீர் கசியாததாக, ஓட்டத்தைக் குறைக்கக் குமிழ் இருப்பதாக ஒன்றைப் பார்த்து மனதில் முடித்தும் வைத்துவிட்டேன். நான் செய்த யோசனையில் ஒரு பிசகும் இல்லை.

அதற்குள் ஆலங்காயத்தில் ஒரு விசேஷத்துக்குப் போக வேண்டி வந்தது. போனால், தங்கை தொட்டிக்குக் கீழே கதவைத் திறந்து காட்டுகிறாள். புத்தம் புதிய ரியாக்டர். ஒரு முழத்துக்கு உயரம். உள்ளே செந்நிற மணல் பூப்போல அசைந்துகொண்டிருந்தது. அவள் தொட்டியில் பாசி பெயருக்குக்கூட இல்லை. இருந்தும் வாங்கியிருக்கிறாள்.

"ஒனக்கு எதுக்குடி இது?" என்றேன்.

"பாசி வந்தப்புறம் பாக்கறதுக்கு வராமயே பாத்துக்கலாமுன்னுதான். நல்லாதான் கீதுக்கா. நீயும் இதையே வாங்கிடு."

"இன்னும் முடிவு பண்ணல" என்றேன். அவள் சொல்லி நான் வாங்குவதா? உலகத்தில் வேறு எந்த ரியாக்டரை வாங்கினாலும் இதை வாங்குவதில்லை என்று திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன்.

என் முடிவை யார் கேட்டார்கள்? சின்னவள் ஏதோ மெஷின் வாங்கியிருக்கிறாள், பெரியவளிடம் இல்லை என்று அம்மா காதுக்குப் போய்விட்டது. அந்தப் பொங்கலுக்கு அம்மா சீர் கொண்டுவந்தாள். தங்கையும் அவள் வீட்டுக்காரரும் காரில் கூட்டி வந்தார்கள். பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு எல்லாம் இறங்கின. கடைசியாகத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு ஒரு அட்டைப்பெட்டி. தங்கை வாங்கிய அதே ரியாக்டர், அதே அளவு, அதே நிறம். அம்மா அதற்குக் குங்குமம்கூட வைத்திருந்தாள்.

"சின்ன மாப்ளைகிட்ட சொல்லி வாங்கியாரச் சொன்னேன். ரெண்டு பேருக்கும் ஒண்ணு போல இருக்கட்டும்" என்றாள் அம்மா. என் வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். "கல்பாக்கமே வூட்டுக்கு வந்துடுச்சு" என்றார்.

மீடியா மட்டும் ஒரே பெரிய டின்னாக வந்திருந்தது, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து. அம்மா சும்மா இருப்பாளா? "படி எடுத்தா" என்றாள். சாமை அளக்கிற படி வந்தது. கூடத்தில் செய்தித்தாள் விரித்து, துருமணலைப் படியில் அள்ளி, உள்ளங்கையால் தலை வழித்து, ஒரு கூறு இந்தப் பக்கம், ஒரு கூறு அந்தப் பக்கம் என்று போட ஆரம்பித்தாள். அம்மா கை சிவப்பாகிவிட்டது. எனக்கு வேண்டியது அவள் பிரித்த கூறில் கால் பங்குதான். அதற்கு மேல் போட்டால் தண்ணீரில் ஒரு சொட்டு பாஸ்பேட்கூட மிஞ்சாது. பாசி மட்டும் பட்டினி கிடக்காது, பவளமும் பட்டினி கிடக்கும். அதற்கும் அது துளியளவு வேண்டும். இதையெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம் போல நடத்த என்னால் முடியும். போதும்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அப்போது தங்கை சொன்னாள், "அக்கா தொட்டி சின்னதாச்சேம்மா, இவ்ளோ அதுக்கு வேணுமா?"

சின்னதாச்சே. எல்லாரும் என் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை கூடத்தில் நிறைவாக இருந்த தொட்டி ஊறுகாய் ஜாடி மாதிரி ஆகிவிட்டது.

"வேணும்" என்றேன். "பாசி எங்க வூட்லதான் ஜாஸ்தி. என் கூறு மொத்தமும் வேணும்."

சொன்னதோடு விட்டேனா? அவர்கள் கண்ணெதிரே அத்தனையையும் அலசிக் குழாயில் கொட்டி, மூடி திருகி, பம்பை ஓடவிட்டேன். கண்ணாடிக் குழாயல்லவா, எவ்வளவு உயரத்துக்கு மணல் நிற்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும். அவள் வீட்டில் எந்த உயரத்துக்கு நின்றதோ அதே உயரத்துக்கு என் வீட்டிலும் நின்றது. "சரிசமமா கீது" என்று அம்மா திருப்தியாகப் பார்த்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

அவர்கள் போன பிறகு பாதியை எடுத்துவிடலாம் என்று நினைக்காமல் இல்லை. ஆனால் தங்கை வீடியோ காலில் வந்து, "காட்டுக்கா, எப்டி ஓடுது?" என்பாள். மணல் இறங்கியிருந்தால் தெரிந்துவிடும். அப்படியே விட்டேன்.

முதலில் எல்லாம் பிரமாதமாக இருந்தது. பாசி வெளுத்து, பிய்ந்து, காணாமல் போயிற்று. பாறை பளிச்சென்று ஆனது. சோதனைக் குப்பியில் மருந்து விட்டால் நீலமே வரவில்லை, குடிதண்ணீர் போல இருந்தது. தொட்டியைப் படமெடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன். "சூப்பர்க்கா, எங்குளுதவிட நல்லா கீது" என்று பதில் போட்டாள். அந்தப் பதிலை நான் அன்றைக்கு முழுக்க எடுத்து எடுத்துப் படித்தேன்.

பிறகு டார்ச்சின் மஞ்சள் பொட்டுகள் வெளிறின. இழைகள் குட்டையாகின. சதை கிளையை விட்டு மேலேறி, கீழே வெள்ளைக் கல் தெரிந்தது. நான் ஓடிப்போய் ரியாக்டரை நிறுத்தினேன். தண்ணீர் மாற்றினேன். இதுநாள் வரை திட்டிய வாயாலேயே என் வீட்டுக்காரரிடம், "கொஞ்சம் தீனி போடுங்களேன்" என்று கேட்டேன். பாவம், அவர் பயந்துபோய் வழக்கத்தைவிடக் குறைவாகப் போட்டார். ஒவ்வொரு தலையாகப் பழுப்புக் கூழாகிக் கரைந்தது. கடைசித் தலை கரைந்த அன்றைக்கு நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டேன். காரணம் காய்ச்சல் என்று சொன்னேன்.

அந்தப் பெரிய ரியாக்டரைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினேன். முதலில் மனதில் வைத்திருந்த சின்ன ரியாக்டரை வரவழைத்து விளிம்பில் மாட்டினேன். இரண்டு ஸ்பூன் மீடியா போட்டதும் ஒழுங்காக வேலை செய்தது. குப்பியில் இளநீலம், எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. போனில் அம்மாவிடம் சொன்னபோது, "இன்னாது, புதுசா சின்னதா ஒண்ணா? அப்ப சின்னவளுக்கும் ஒண்ணு அனுப்பணுமே" என்றாள்.

தொட்டி தயாராக இருந்தது. தண்ணீர் அருமையாக இருந்தது. நடுவில் அந்த இடம் மட்டும் காலியாக இருந்தது. வேறு பவளம் எதையாவது வாங்கி வைக்கலாம்தான். கடைக்காரர் படம் படமாக அனுப்பினார். எதைப் பார்த்தாலும் ஆலங்காயத்துச் சுவரோரம் அலைந்துகொண்டிருக்கும் மஞ்சள் பொட்டுகள்தான் கண்ணில் வந்தன. அவளிடம் கேட்பதற்குப் பதில் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று வெகுநாள் வீம்பாக இருந்தேன். கடைசியில் முடியாமல் போன் எடுத்தேன்.

"என்னுது போயிடுச்சுடி. ஒரு கிளை வெட்டிக் குடுக்கறியா?" இதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவள் ஏன், எப்படி என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. "நாளைக்கே வர்றேன்க்கா" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் தனியாக மலைப் பஸ்ஸில் வந்து இறங்கினாள். மடியில் தெர்மாக்கோல் பெட்டி. வளைவுகளில் ஆட்டம் கண்டுவிடக் கூடாது என்று வழி முழுக்க இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்திருக்கிறாள், முன்கையில் பெட்டியின் விளிம்பு பதிந்து சிவந்திருந்தது. வீட்டுக்குள் வந்து மூடியைத் திறந்தாள். ஒரு கிளை இல்லை. மொத்தப் பவளமும் இருந்தது, அடிக்கல்லோடு.

"ஒரு கிளைதானே கேட்டேன்?"

"வெட்டலாமுன்னு கத்திய எடுத்தேன். மனசு வரலக்கா. கெடக்கட்டும், நீயே வெச்சிக்கோ. நீ அத்தப் பாத்துகினே பேப்பர் திருத்துவியே."

நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். நல்ல அக்காவாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பாள். நான் சோனியான கிளையாகத் தேடிக் கொடுத்தேன், இவள் தேடவே இல்லை, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள். என்னால் ஒருநாளும் இப்படிக் கொடுக்க முடியாது. அவளுடைய தொட்டி, அவளுடைய நிறம், புடவை கட்டினால் அவளுக்கு வருகிற அழகு, இவற்றுக்கெல்லாம் பட்ட பொறாமையைவிட இந்தப் பொறாமை பெரிதாக இருந்தது. "டீ போடறேன்" என்று சொல்லி அடுப்படிக்குள் போய்விட்டேன்.

டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். வீட்டில் வேலை இருக்கிறது என்றாள்.

இப்போது அது என் கூடத்தில் இருக்கிறது. என்னிடம் முன்பு இருந்ததைவிடப் பெரிதாக விரிகிறது. சாமை மூட்டை கொண்டுவருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். "இன்னா அழகா கீது! எங்க வாங்கினீங்க டீச்சரம்மா?" என்று கேட்கிறார்கள். தங்கச்சி கொடுத்தது என்று ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவளுக்கே முதலில் நான் கொடுத்ததுதான் என்று சேர்த்துச் சொல்ல நாக்கு நுனி வரை வரும். சொல்லிப் பார்த்தேன் ஒரு நாள். கேட்டவர் சிரித்துக்கொண்டே, "அப்டியா, அப்ப திருப்பிக் குடுத்துட்டாங்களா, நல்ல மனசு அவங்களுக்கு" என்றார்.